இதுதான் என்று சொல்லாதவர்

அட்டையில் வெட்டிய ஒரு சதுரத்தைத் தூக்கிக் காட்டி இது என்ன என்று கேட்டால் நீங்களும் சதுரம் என்பீர்கள், நானும் சதுரம் என்பேன். எங்கள் கணக்கு டீச்சர் சொல்லமாட்டார். கையில் வாங்கிப் பார்ப்பார். திருப்பிப் பார்ப்பார். பிறகு, "சதுரம் மாதிரி தெரியுது. அளந்துட்டு சொல்றேன்" என்பார். திண்டிவனத்தில் ஒரே ஸ்டாஃப் ரூமில், ஒரே மேசையின் எதிரெதிர் பக்கத்தில், பல வருஷம் அவரோடு உட்கார்ந்திருந்தவள் நான். எனக்குச் சமூக அறிவியல். கணக்குக்கும் எனக்கும் படிக்கிற காலத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். அதனால் ஆரம்பத்தில் அவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஒருநாள் சாயங்காலம், "ஹெச்.எம். கிளம்பிட்டாரா டீச்சர்?" என்று கேட்டேன். நான் விழுப்புரத்திலிருந்து வந்துபோகிறவள். மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நழுவினால்தான் உட்கார இடம் கிடைக்கிற பஸ்ஸாகப் பிடிக்கலாம்.

"ரூம் பூட்டியிருக்குது" என்றார்.

"அப்ப போயிட்டாரு."

"பூட்டியிருக்குதுன்னுதான் நான் சொன்னேன். போயிட்டாருன்னு நீங்க சொல்றீங்க."

இதென்ன வீண் வம்பு என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கேட் பக்கத்தில் ஹெச்.எம். நின்று வாட்ச்மேனிடம் பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் வாங்கிய பாட்டு இன்னும் காதில் இருக்கிறது.

டீச்சர் ஆள் குள்ளம். கஞ்சி போட்ட வாயில் புடவை, இடது தோளில் எப்போதும் சாக்பீஸ் தூசி, பின்னலில் ஒரு முழம் கனகாம்பரம். பெருமுக்கல் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து வருவார். வீட்டுக்காரருக்கு அங்கே நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையுமாகச் சொந்த வெள்ளாமை. பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் "எதனால டீச்சர்". எந்தப் பதிலைச் சொன்னாலும், சரியோ தப்போ, அடுத்த கேள்வி "எதனால?" என்றுதான் வரும்.

அவருடைய வகுப்பும் என் வகுப்பும் அடுத்தடுத்த அறை. நடுவில் இருந்தது அரைச் சுவர்தான். நான் வங்காள விரிகுடாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து நாற்கரங்கள் வந்து விழும். ஒருநாள் சதுர அட்டையை மூலை கீழே வரும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டு, இது என்ன என்று கேட்டிருக்கிறார். ஒரு பெண் எழுந்து, "சாய்சதுரம் மிஸ்" என்றாள். வகுப்பு மொத்தமும் சிரித்தது.

"ஏன் சிரிக்கிறீங்க? அவ சொன்னது ரைட்டு" என்றார் டீச்சர். "நாலு பக்கமும் சமமா இருந்தா சாய்சதுரம். இதுல நாலும் சமம். எல்லா சதுரமும் சாய்சதுரம்தான். எல்லா சாய்சதுரமும்தான் சதுரம் இல்ல. நீ எதனால சொன்ன?"

"சாஞ்சிருக்குதே மிஸ்."

"பதில் ரைட்டு, காரணம் தப்பு. அரை மார்க்கு. ஒக்காரு. திருப்பிப் புடிச்சா ஒருத்தரு வேற ஆளா ஆயிடுவாங்களா?"

அவர் கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, நாலு துடைப்பக்குச்சி இருக்கும். ஒரே நீளமாக நறுக்கி, முனைகளைச் சைக்கிள் வால்வு டியூபால் கோத்தது. நிமிர்த்திப் பிடித்தால் சதுரம். ஒரு மூலையை விரலால் லேசாகத் தள்ளினால் சாய்ந்துவிடும். "பக்கம் எதுவும் மாறல, நீளம் எதுவும் குறையல. ஆனா சதுரம் போயிடுச்சு. போனது எது?" என்று கேட்பார். கோணம் என்று பிள்ளைகள் கத்துவார்கள். ஸ்டாஃப் ரூமில் சும்மா இருக்கும்போதும் அதை நிமிர்த்துவார், சாய்ப்பார், நிமிர்த்துவார். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத்தான் தலைவலி வரும்.

இன்னொரு கணக்கு சாரோடு சரிவகத்துக்காக ஒருநாள் சாப்பாட்டு வேளை முழுக்கச் சண்டை போட்டார். எந்த நாற்கரத்தைச் சரிவகம் என்பது என்று இரண்டு புத்தகங்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றனவாம். ஒன்றில் ஒரு ஜோடி எதிர்ப்பக்கம் மட்டும் இணையாக இருக்க வேண்டும். இன்னொன்றில் ஒரு ஜோடியாவது இருந்தால் போதும்.

"அதுக்கு இன்னா இப்ப டீச்சர்? பரீட்சையில கேக்கவா போறான்?" என்றார் சார், வாயில் சோற்றோடு.

"முதல் புஸ்தகம் சொல்றபடி பாத்தா இணைகரம் வெளிய நிக்குது சார். ரெண்டாவது சொல்றபடி பாத்தா உள்ள வந்துடுது. ஒரு குடும்பம் உள்ளயா வெளியவான்னு தெரியாம எப்படி பாடம் நடத்துறது?"

"சரி, எதுதான் கரெக்டு?"

"ரெண்டுமே சரிதான். எதை எடுத்துக்கிறதுன்னு நாமதான் முடிவு பண்ணணும். ஆனா பண்ணிட்டா பண்ணதுதான். அப்புறம் நமக்குக் கஷ்டமா இருக்குதுன்னு மாத்தக்கூடாது."

"இது ஒரே பேஜாருப்பா" என்று சார் டப்பாவைக் கழுவப் போய்விட்டார். நானும் சிரித்தேன். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் வெறும் சரிவகத்துக்காகச் சொல்லவில்லை என்று புரிய எனக்கு ரொம்ப நாளானது.

அவருடைய வீட்டுக்காரரை நான் கிட்டத்தில் பார்த்தது ஒரே தடவை. விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் பி.டி. சார் கபடிக் களத்துக் கோடுகளைச் சுண்ணாம்பால் போட்டு முடித்து, கை கழுவிக்கொண்டிருந்தார். டீச்சர் மைதானத்தைத் தாண்டிப் போனவர் நின்றுவிட்டார்.

"சார், இது செவ்வகமா இல்லியே."

"எதிரெதிர் பக்கம் டேப் வெச்சு அளந்துட்டேன் டீச்சர். எல்லாம் சமம்."

"அது இணைகரத்துக்கும் சமமாத்தான் இருக்கும். மூலைவிட்டம் ரெண்டையும் அளந்தீங்களா?"

பி.டி. சார் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த நேரம் பார்த்து, டீச்சர் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த கண்ணாடியைக் கொடுக்க அவர் வீட்டுக்காரர் பைக்கில் வந்து சேர்ந்தார். நல்ல உயரம். லேசான கூன். சந்தன நிறச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி. வந்த மனிதரை வா என்றுகூடச் சொல்லாமல், "இந்தக் கயிறைப் புடிங்க" என்று ஒரு மூலைக்கு அனுப்பிவிட்டார் டீச்சர். அவரும் சொன்ன இடத்தில் போய் நின்று பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்கூட்டுல கோலம் போட்டாக்கூட குறுக்கால கயிறு புடிக்கணுங்க. பொண்ணு பாக்கப் போனப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். பாத்தா நல்லவரா தெரியுறாருன்னு அவங்கம்மா சொன்னாங்க. தெரியுறாரா, நல்லவரான்னு உள்ளருந்து ஒரு கேள்வி வந்துச்சு. இன்னும் அளந்துக்கினுதான் இருக்காங்க."

"பேசாம இழுத்துப் புடிங்க" என்றார் டீச்சர். அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. ஒரு மூலைவிட்டம் இன்னொன்றைவிட ஒரு சாண் நீளம். பி.டி. சார் திட்டிக்கொண்டே கோடுகளை அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

டீச்சர் மாற்றலாகிப் போய் வருஷங்கள் ஆகின்றன. எனக்கு அந்த மனிதரின் சிரிப்பு நினைவிருக்கிறது, முகம் சரியாக நினைவில்லை. ஆனாலும் இன்றைக்கும் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் சந்தன நிறச் சட்டை போட்ட, லேசாகக் கூனி நடக்கிற உயரமான ஆள் யாராவது போனால் என் கால் தானாகப் பின்னால் போகிறது. கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுகிறேன். ஓடிப்போய் முகத்தைப் பார்த்தாலும் அது அவர்தான் என்று எனக்கு எதனால் தெரியும்? இந்த "எதனால" எனக்கு ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

டீச்சரின் வீட்டுக்காரர் காணாமல் போனது ஒரு புரட்டாசி மாதம். மோட்டாருக்கு ஏதோ சாமான் வாங்க வேண்டும் என்று திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கிற கூட்டேரிப்பட்டுக்குப் போயிருக்கிறார். ரோட்டோரத்து டீக்கடை முன்னால் பைக்கை நிறுத்தி, சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, "தோ, வந்துடறேன்" என்று ரோட்டைத் தாண்டினார். அவ்வளவுதான். பஸ் ஏறினாரா, நடந்தாரா, யாரும் பார்க்கவில்லை. வீட்டில் சண்டை இல்லை, சச்சரவு இல்லை. சாமியாராகப் போய்விட்டார், வேறு தொடுப்பு இருந்திருக்கும், மண்டையில் அடிபட்டு எங்கேயோ நினைவில்லாமல் கிடக்கிறார் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு டீச்சர் ஒன்றைத்தான் சொல்வார்.

"பைக்கு அங்க இருக்குது. அவரு இங்க இல்ல. எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான்."

அந்த நாட்களில் பள்ளிக்கூடம் விட்டதும் ஊருக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு என்னோடு விழுப்புரம் பஸ்ஸில் ஏறுவார். கூட்டேரிப்பட்டில் இறங்கிக்கொள்வார். பஸ் கிளம்பும்போது திரும்பிப் பார்ப்பேன். டீக்கடைக்குப் பக்கத்தில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்து ரோட்டைப் பார்த்தபடி நின்றிருப்பார். இருட்டுகிற வரைக்கும் நின்றுவிட்டுத் திரும்பிப் போவார் என்று கடைக்காரர் பின்னால் சொன்னார்.

மார்கழியில் போன் வந்தது. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏரியில் ஓர் ஆணின் உடல் ஒதுங்கியிருக்கிறது, வந்து பார்க்க வேண்டும் என்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பேசினார்கள். டீச்சர், அவர் வீட்டுக்காரரின் தம்பி, நான், மூன்று பேரும் பெரிய ஆஸ்பத்திரி பிணவறைக்குப் போனோம். அங்கிருந்த ஏட்டு நல்ல மனிதர். கதவுக்கு வெளியிலேயே நிறுத்திச் சொன்னார்.

"ரொம்ப நாள் தண்ணியில கெடந்திருக்குதும்மா. மூஞ்சி பாக்கறாப்பல இல்ல. மத்த அடையாளத்தைப் பாருங்க."

நல்ல உயரம். இடது முழங்காலுக்குக் கீழே பழைய வெட்டுத் தழும்பு. இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு. சந்தன நிறச் சட்டை. ஏட்டு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல டீச்சர் தலையை ஆட்டினார். எல்லாமே அவருக்கும் உண்டு. உள்ளே போனோம். போனதும் தம்பி, "அண்ணே" என்று சுவரில் மோதிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கும் அவர்தான் என்று பட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். டீச்சர் மட்டும் புடவைத் தலைப்பைக்கூட மூக்குக்குக் கொண்டுபோகாமல் நின்றார்.

"முதுகுல, வலது பக்கம், மச்சம் இருக்குதா சார்?"

"தோலு உரிஞ்சிருக்குதும்மா. ஒண்ணும் சொல்ல முடியாது."

"சட்டையில டெய்லர் பேரு?"

"ரெடிமேடு."

டீச்சர் சட்டையின் காலரைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "என்னால கையெழுத்துப் போட முடியாது சார். எனக்குத் தெரியல" என்றார்.

தம்பி அழுகையை நிறுத்திவிட்டார். "இன்னா அண்ணி பேசுறீங்க? உயரம் இருக்குது, தழும்பு இருக்குது, கவுறு இருக்குது. இன்னும் இன்னா வேணும் உங்களுக்கு?"

"கழனியில மம்முட்டி புடிக்கிற ஆம்பளைல கால்ல தழும்பு இல்லாத ஒருத்தரைக் காட்டு தம்பி. உன் கால்லயும் இருக்குது. கறுப்புக் கவுறு கட்டாதவங்க யாரு? அந்தச் சட்டைய நம்ம ஊருலயே எத்தினி பேரு போட்டுக்கினு இருக்காங்க? இதெல்லாம் வெள்ளாமை பாக்குறவங்களோட அடையாளம். உங்க அண்ணனோட அடையாளம் இதுல எதுவும் இல்ல."

"அண்ணன்னு நான் சொல்றேன். போதாதா?"

"நீ ரத்தம் குடு. டெஸ்ட்டுக்கு அனுப்பட்டும். எங்களுக்குப் புள்ளைங்க இல்ல, கூடப் பொறந்தவன் நீ ஒருத்தன்தான். உன் ரத்தம் இருந்தா நிச்சயமா சொல்லிடுவாங்களாம்."

"எங்க அண்ணனை எனக்குத் தெரியாதா? அவரை ஐஸ்ல போட்டுட்டு எனக்குப் பரீட்சை வெக்கிறீங்களா?" என்று கத்திவிட்டு அவர் வெளியே போனார். பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணனை அந்தக் கோலத்தில் பார்த்தவர். எப்படியாவது எடுத்துக்கொண்டு போய்க் காரியத்தை முடித்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. கடைசி வரை ரத்தம் கொடுக்கவில்லை. மனைவி ஒத்துக்கொள்ளாமல் உடலைத் தர முடியாது என்று ஏட்டு கையை விரித்துவிட்டார்.

நான் டீச்சரைத் தனியாக அழைத்துப்போய், "அவர்தான் டீச்சர். மனசைத் தேத்திக்கினு ஒத்துக்குங்க" என்றேன். எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. இங்கேயுமா மூலைவிட்டம் என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

"நான் முடியாதுன்னு சொல்லி, அது அவரா இருந்தா, அநாதைப் பொணமா போயிடுவாரு. அது எனக்குத் தெரியுது டீச்சர்" என்றார். "நான் ஆமான்னு சொல்லி, அது அவரா இல்லேன்னா? அது யாரோ ஒருத்தியோட வீட்டுக்காரரு. நான் எடுத்துக்கினு போய் எரிச்சிட்டேன்னா, அவ சாவுற வரைக்கும் ரோட்டைப் பாத்துக்கினு நிப்பா. அப்படி நிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

நான் போய்த் தம்பி பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

உடலை நகராட்சிக்காரர்கள் புதைத்தார்கள். ஊர் டீச்சரைக் கல்நெஞ்சுக்காரி என்றது. தம்பி அண்ணன் போட்டோவுக்கு மாலை போட்டுத் தனியாகக் காரியம் செய்தார். டீச்சர் போகவில்லை. பொட்டை எடுக்கவில்லை, பூவையும் விடவில்லை. "இன்னும் பூ வெச்சிக்கினு இருக்கறீங்களே" என்று ஸ்டாஃப் ரூமிலேயே ஒரு அம்மா கேட்டார். "வெக்கக் கூடாதுன்னு எதனால சொல்றீங்க?" என்று கேட்டார் டீச்சர். அந்த அம்மா அதற்குப் பிறகு அவர் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் தம்பி முள்வேலி போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

கூட்டேரிப்பட்டில் இறங்குவதை டீச்சர் அதோடு நிறுத்திவிட்டார். பரவாயில்லை, தெளிந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் வியாழக்கிழமைகளில் மட்டும் என்னோடு விழுப்புரம் வரத் தொடங்கினார். அன்றைக்கு அவருக்கு ஸ்பெஷல் கிளாஸ் கிடையாது. வழியில் எங்கேயும் நிற்காத பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸில்தான் ஏறுவார். எவ்வளவு நேரமானாலும் அதற்காகக் காத்திருப்பார். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது மடியில் இருக்கிற கைப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"விழுப்புரத்துல இன்னா வேலை டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"வாங்களேன்" என்றார்.

ரயில் பாதையைத் தாண்டி, சீமைக்கருவேலம் மண்டிக்கிடந்த ஒரு சுற்றுச்சுவருக்குள் கூட்டிக்கொண்டு போனார். ஆளில்லாத உடல்களைப் புதைக்கிற இடம். பலகை இல்லை, கல் இல்லை. மழை மேட்டையெல்லாம் கரைத்துத் தரையோடு தரையாக்கியிருந்தது. அவர் நேராகப் போய் ஓரிடத்தில் நின்றார்.

"இது அவரு இல்லேன்னுதான சொன்னீங்க?"

"இல்லேன்னு நான் எப்ப சொன்னேன்? தெரியலேன்னுதான் சொன்னேன்."

"அப்ப எதுக்கு வர்றீங்க?"

"அவரா இருந்தா தனியா இருப்பாருல்ல."

சொல்லிவிட்டுச் சும்மா நின்றார். கும்பிடவில்லை, பூ வைக்கவில்லை, விளக்கு ஏற்றவில்லை. அதற்கெல்லாம் அது அவர்தான் என்று முடிவு செய்திருக்க வேண்டும். பேச்சை மாற்ற, தடயமே இல்லாத இடத்தில் எப்படி அடையாளம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். புதைத்த அன்றைக்கே வந்து சுவருக்கு வெளியில் நின்று பார்த்து, அவர்கள் போனதும் உள்ளே போய் அளந்துகொண்டாராம். "சுவர் மூலையில கல்லு இருக்குது பாருங்க. அதுலருந்து ஒரு அளவு, வேப்பமரத்துலருந்து ஒரு அளவு. ரெண்டு அளவும் ரெண்டு எடத்துல சேரும். ஒண்ணு சுவருக்கு வெளிய போயிடுது. மிச்சம் இது ஒண்ணுதான்" என்றார். வகுப்பில் பேசுகிற அதே குரல்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை என்றால் நானும் சில நாள் கூடப் போவேன். ஒருநாள்கூட அந்த மண்ணைக் காட்டி அவர் என்றோ இவர் என்றோ சொன்னதில்லை. "அந்த எடம்" என்பார்.

அடுத்த வருஷம் கார்த்திகையில் ஒரு பெண் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். முகையூர்ப் பக்கம். கழனி வேலை செய்து கறுத்த முகம், கூடவே துணிக்கடையில் வேலை பார்க்கிற வயதில் ஒரு மகள். ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "கணக்கு டீச்சரம்மா யாருங்க?" என்று கேட்டாள். நான் கையைக் காட்டியதும் உள்ளே வந்து டீச்சரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கரும்பு வெட்டப் போகிறேன் என்று போன அவள் புருஷன் திரும்பவில்லை. ஊர் ஊராகத் தேடியிருக்கிறாள். விழுப்புரம் ஸ்டேஷனில் அந்தச் சட்டையின் போட்டோவைப் பார்த்திருக்கிறாள். உடலிலிருந்து எடுத்து வைத்திருந்த பல்லோடு மகளின் ரத்தத்தை ஒப்பிட்டு, அவளுடைய அப்பாதான் என்று நிச்சயமாகச் சொல்லிவிட்டார்களாம். இதையெல்லாம் அவள் சொல்லி முடிக்கிற வரை டீச்சர் அசையவில்லை. கையிலிருந்த குச்சிகள் மட்டும் சாய்ந்தபடியே இருந்தன.

"போலீஸ்காரரு எல்லாம் சொன்னாருங்கம்மா. அன்னிக்கி நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எங்க ஆளு உங்க ஊர் சுடுகாட்டுல வெந்திருப்பாரு. நானு இன்னும் தேடிக்கினே இருந்திருப்பேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க ஆளு இல்லேன்னு எப்படிம்மா கண்டுபுடிச்சீங்க?"

"கண்டுபுடிக்கலம்மா" என்றார் டீச்சர். "பாத்ததும் எனக்கு அவருன்னுதான் தோணுச்சு. உள்ள போய் நின்ன ஒடனே தோணிடுச்சு. இப்ப நீ வர்ற வரைக்கும் அப்படித்தான் தோணிக்கினு இருந்துச்சு."

இத்தனை மாதமும் அவர் தெரியாமல் நின்றார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர்தான் என்று நம்பிக்கொண்டே, அப்படிச் சொல்ல மறுத்துவிட்டு நின்றிருக்கிறார். முகம் தெரியாத ஒருத்திக்காக.

அந்தப் பெண் தயங்கித் தயங்கி வந்த காரியத்தைச் சொன்னாள். புதைத்த இடம் எதுவென்று நகராட்சியில் யாருக்கும் தெரியவில்லை. புதைத்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டான். டீச்சரம்மாவைக் கேளுங்கள், அவர் வந்துபோகிறார் என்று ஏட்டுதான் சொல்லியிருக்கிறார்.

"வாங்க, காட்டுறேன்" என்று டீச்சர் எழுந்தார். ஹெச்.எம்.மிடம் நான்தான் போய் இரண்டு பேருக்கும் அரை நாள் லீவு சொன்னேன்.

அங்கே போனபோது வெயில் இறங்கியிருந்தது. புல் முளைத்து எல்லா மண்ணும் ஒன்றுபோல இருந்தது. டீச்சர் மூலைக் கல்லையும் பார்க்கவில்லை, வேப்பமரத்தையும் பார்க்கவில்லை. நேராக நடந்து போய் நின்று, விரலை நீட்டினார்.

"இதுதான்."

இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அம்மாவும் மகளும் மண்ணில் விழுந்து அழுதார்கள். டீச்சர் பின்னால் நகர்ந்தார். இன்னும் நகர்ந்து என் பக்கத்தில், சுவரோரமாக வந்து நின்றுகொண்டார். அழுது ஓய்ந்த பிறகு அந்தப் பெண் ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டுவிட்டு, "நீங்களும் ஒரு புடி போடுங்கம்மா" என்று கூப்பிட்டாள்.

"நான் யாரும்மா அவருக்கு?" என்றார் டீச்சர்.

அவள் கேட்டதில் தப்பில்லை, இவர் சொன்னதிலும் தப்பில்லை. நான்தான் தாங்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்தோம். வழியில் டீச்சர் ஓரிடத்தில் நின்று, "அடுத்த வியாழக்கிழமையில இருந்து உங்க கூட வரமாட்டேன் டீச்சர். எனக்கு இந்த ஊருல யாரும் இல்ல" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தோற்றுப்போனவர் கை போல இருந்தது அது. அன்றைக்கு ஜெயித்தவர் அவர்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

திண்டிவனத்துக்குப் பாயிண்ட் டு பாயிண்ட் புறப்படத் தயாராக நின்றது. உள்ளே பாதி இருக்கை காலி. "ஏறுங்க டீச்சர், இருட்டுது" என்றேன். அவர் ஏறவில்லை. அதைப் போகவிட்டார். அதற்குப் பின்னால் ஒரு சாதா பஸ், கூட்டத்தோடு உறுமிக்கொண்டு வந்து நின்றது. டீச்சர் படிக்கட்டுப் பக்கம் போய் கண்டக்டரை அண்ணாந்து பார்த்தார்.

"கூட்டேரிப்பட்டுல நிக்குமா?"

"நிக்கும்மா. ஜல்தி ஏறு."

உள்ளே ஒரே நெரிசல். முட்டி மோதிக்கொண்டு அந்தப் பக்கம் போய், டீக்கடை தெரிகிற பக்கத்து ஜன்னலோரமாக இருந்தவரிடம் அவர் இடம் கேட்பது கீழே நின்றிருந்த எனக்குத் தெரிந்தது.